வியாழக்கிழமை வெட்டுக்குத்து

அந்தத் தியேட்டர் கக்கூஸில் குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும். அப்புறம் ஒரு இருமல் சத்தம். அதற்கப்புறம்தான் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் கப்பில் பிடித்து, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள் ஒருத்தி தலையில் ஒருத்தி ஊற்றிக்கொண்டிருந்தோம்.

"மெதுவா ஊத்துட்டி. உடுப்பு நனைஞ்சிரப்போகுது" என்றாள் ரஹ்மத்.

"அருவி உனக்குத் தலையை மட்டும்தான் நனைக்குமோ?"

"குளிச்சிட்டு உடுப்ப மாத்திட்டுத்தானட்டி வருவோம்? கூறுகெட்டவளே, கழுத்துக்கு மேல ஊத்து."

கை கழுவ வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்தாள். வந்த வேலையைச் செய்யாமலே திரும்பிப் போய்விட்டாள். அவள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அன்றைக்கு எங்களுக்கு அவசரம். படம் இருபது நிமிஷம் நீளமாகப் போய்விட்டது. கடைசிச் சண்டையில் வில்லன் சாக மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

எனக்குப் பிடித்த படம்

போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் தெருக்காரர் ஒருவர், "ஈஸ்வரி, நல்லதா நாலு விஷயம் எழுதக்கூடாதா?" என்று கேட்டார். நல்ல விஷயம் எழுத வேறு ஆள் இருக்கிறார்கள். எனக்கு என்ன நடந்ததோ அதைத்தான் எழுத வரும்.

எனக்கு வெட்டுக்குத்துப் படம் பிடிக்கும். லேசான அடிதடி இல்லை. ஒருத்தன் எண்பது பேரை வெட்ட வேண்டும். அடி வாங்கியவன் மூன்று டிராக்டரைத் தாண்டிப் போய் விழ வேண்டும். ஒரு படத்தில் கதாநாயகன் டிபன் கேரியரை வைத்தே ஒரு ஊரைக் காலி பண்ணினான். இன்னொன்றில் நெஞ்சில் கடப்பாரை சொருகியபடி ஒரு முழுப் பாட்டுக்கும் சண்டை போட்டான். பாட்டு முடிந்த பிறகுதான் கீழே பார்த்தான்.

இதை வெளியே சொன்னால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். படித்தவர்கள் எல்லாம் நல்ல படம், நல்ல படம் என்கிறார்கள். அப்படி ஒரு நல்ல படத்துக்கு ஒரு தடவை போனேன். ஒரு பெரியவர் ஒரு கிணற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிணற்றிலிருந்து ஏதாவது வரும் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

நான் தென்காசியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்துவதில் என் நாள் ஆரம்பிக்கும். பசியோடு வருகிற மனுசனுக்கு மரியாதை தெரியாது. "நரம்பு கிடைக்கலியா? வேற ஆளே இல்லியா?" என்பார்கள். "கையை இறுக்கி மூடுங்க சார்" என்பேன். முஷ்டியை மடக்குகிறவர் அவர். மடக்க ஆசைப்படுகிறவள் நான்.

ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் மேனேஜர் கத்துவார். இருபத்திரண்டு வருஷமாகச் சிந்தாமல் எடுத்தவள், தியேட்டரில் போய் உட்கார்ந்தால் அங்கே ரத்தம் அருவி மாதிரிக் கொட்டுகிறது. அதுவும் ரோஸ் மில்க் சிரப் நிறத்தில். நிஜ ரத்தம் ட்யூபில் கறுத்துக் கிடக்கும். அது எனக்குத் தெரியும். சிரப் என்று தெரிந்ததால்தான் சிரிக்க முடிகிறது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்தப் படங்கள் பலவற்றில், கதாநாயகன் அரிவாளைத் தூக்குவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று ஒரு பெண்ணைச் சீரழிப்பார்கள். எடுத்தவனைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த இடம் வருகிறது என்று தெரிந்ததும் நானும் ரஹ்மத்தும் எழுந்து போய் முறுக்கு வாங்குவோம். திரும்பி வரும்போது வெட்டு ஆரம்பித்திருக்கும். அப்படியும் அடுத்த வாரம் போனோம். வெட்கம்தான். இருந்தாலும் போனோம்.

காதர் அண்ணன் கேட்ட சத்தியம்

ரஹ்மத் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள். வீட்டில் நைட்டி தைத்து விற்கிறாள். மாமியார், கொழுந்தன் சேக், அவள், மூன்று பேர்தான் வீட்டில். அவள் வீட்டுக்காரர் காதர் அண்ணன் சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக். கடைசியாக வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மனுசர் தங்கமானவர். ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். ஊரை விட்டுப் போகும்போது ரஹ்மத்திடம் சத்தியம் வாங்கினார்.

"கொலைப் படம் மட்டும் பாக்காத ரஹ்மத். தனியா கெடக்க. பயந்து போயிருவ. அங்கன எனக்கு நெஞ்சு பதறும்."

இவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டாள்.

வளைகுடாவில் ஆள் இருக்கிற வீட்டைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அங்கே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் தொட்டுப் பார்த்து எதையும் சரிபார்க்க முடியாது. சாப்பிட்டியா என்றால், சாப்பிட்டேன் என்றால், சாப்பிட்டதுதான். சொன்ன சொல்லை நம்பித்தான் அந்தக் குடித்தனமே நடக்கிறது. அதில் ஒரு பொய் வெளியே வந்தால், மற்ற எல்லாவற்றையும் அவர் திரும்பத் தோண்டிப் பார்ப்பார். இது ரஹ்மத்துக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் அவளை இழுத்துக்கொண்டு போனவள் நான்தான்.

சாரல் அடித்தால் சினிமா

ரஹ்மத்துக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. ஒரு சித்த வைத்தியர், "வாரம் ஒருக்க குற்றாலம் ஐந்தருவியில தலையைக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அவள் மாமியாரே துண்டை எடுத்து நீட்டி அனுப்பி வைத்தார்.

வெள்ளிக்கிழமை புதுப் படம் வரும். அதனால் வியாழக்கிழமை காலைக் காட்சிக்கு ஆள் இருக்காது. எங்களுக்கு அதுதான் வசதி. நான் பத்தரைக்கு லேபை விட்டால் சாயங்காலம்தான் திரும்பப் போக வேண்டும். பையில் துண்டு, மாற்று உடுப்பு, சீயக்காய்ப் பொட்டலம். பஸ் ஸ்டாண்டில் ரம்புட்டான் வாங்கினால் குற்றாலத்தில் வாங்கியதாகக் கணக்கு. இரண்டு பேரும் போனை எடுத்துப் போவதில்லை. அருவிக்குப் போகிறவள் போனை என்ன செய்வாள்? என் போன் லேப் மேஜை டிராயரில், அவள் போன் வீட்டில்.

அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் எங்களுக்கும் சினிமா இல்லை. பங்குனி, சித்திரையில் எவ்வளவு நல்ல வெட்டுப் படம் வந்தாலும் போஸ்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. சாரல் எப்போது ஆரம்பிக்கும் என்று ஊரில் விவசாயிகளுக்கு அடுத்தபடியாகக் கவலைப்பட்டது நாங்கள் இரண்டு பேர்தான். இப்படி இரண்டு சீசன் ஓடியது.

இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அருவி என்பது வீட்டுக் குழாய் இல்லை.

தலை ஈரம்

அந்த வியாழக்கிழமை தென்காசியில் நல்ல வெயில். மலையில் மழை பிடித்துக்கொண்டது. பதினொன்றரைக்கு ஐந்தருவியில் தண்ணீர் செம்மண் நிறமாகி, ஐந்தும் ஒன்றாகிவிட்டதாம். போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் மேலேற்றி, குளிக்கத் தடை என்று கயிறு கட்டிவிட்டார்கள். கால் மணி நேரத்தில் அந்த வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. தம்மாமுக்கும் போனது.

நாங்கள் அந்த நேரம் இருட்டில் உட்கார்ந்து, ஐஸ் கம்பெனி நடத்துகிற ஒரு கதாநாயகன் எதிரியைப் பாளம் பாளமாக அறுப்பதைப் பார்த்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம்.

படம் முடிந்து, தலையை நனைத்து, ரம்புட்டான் வாங்கி, நடந்தே ரஹ்மத்தின் தெருவுக்குள் திரும்பினோம். அவள் வீட்டு வாசலில் கூட்டம். பெண்கள் அழுகிற சத்தம்.

"யா அல்லா, மாமிக்கு என்னமோ ஆயிட்டு" என்று ஓடினாள். நானும் ஓடினேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனால், மாமி நடுவில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கிறார். எங்களைப் பார்த்தார். ஒரு நொடி வாய் திறந்தபடி நின்றது. அப்புறம் பாய்ந்து வந்து ரஹ்மத்தைக் கட்டிக்கொண்டார்.

"எம் புள்ள! எம் புள்ள வந்துட்டா! தலையெல்லாம் தண்ணி பாருங்க! வெள்ளம் இழுத்துட்டுப் போயிருக்கு!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் அழுதது எங்களுக்காக.

பக்கத்து வீட்டு ஆமினா அக்கா என் ஈரத்தலையைத் தொட்டுப் பார்த்தாள். "எப்பிடிட்டி கரையேறினிய? பாறையைப் புடிச்சியளா?" இன்னொருத்தி சீனி போட்ட தேத்தண்ணியை என் வாயில் வைத்தாள். ஒரு பெரியவர், "அதுக பச்சத்தண்ணி குடிச்சிருக்கும், குப்புறப் படுக்கப் போடுங்க" என்றார்.

ரஹ்மத் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கணக்குப் பாடத்தில் காப்பியடிக்கும்போது பார்க்கிற பார்வை. ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர்களே எல்லாம் சொல்லிவிட்டார்கள், ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும் என்கிறாள். எனக்கும் ஆசைதான். பாறையை எப்படிப் பிடித்தேன் என்று மனசுக்குள் கதை கட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

"சேக் எங்க மாமி?" என்று கேட்டேன்.

"அங்கனதான் நிக்கான். தீயணைப்புக்காரங்கள கூட்டிட்டு, பாறைக்குக் கீழ இறங்கித் தேடுதாங்க."

அந்த வெள்ளத்தில், இல்லாத எங்களைத் தேடி மனுசர்கள் கயிறு கட்டி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"அவங்கள மேல ஏறச் சொல்லுங்க. இப்பவே போன் போடுங்க" என்று கத்தினேன். "நாங்க அருவிக்கே போகல. சினிமாவுக்குப் போனோம்."

அழுகை நின்றது.

மாமி ரஹ்மத்தின் தலையை மறுபடி தொட்டார். "அப்ப இது என்ன தண்ணி?"

"தியேட்டர் கக்கூஸ் தண்ணி" என்றேன். இதை நான் சொல்லியிருக்க வேண்டாம்தான். மாமி கையைத் தன் சேலையில் துடைத்தார்.

அதற்குள் யாரோ சேக்குக்குப் போன் போட்டார்கள். அவர்கள் மேலே ஏறிவிட்டார்கள் என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் இன்னொரு போன் இருந்தது. ஆமினா அக்காவின் மகள் கையில். அதில் காதர் அண்ணன் முகம். கம்பெனி உடுப்பில், கண் வீங்கி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"கொலைப் படமா?" என்றார்.

ரஹ்மத் குனிந்துகொண்டே தலையை ஆட்டினாள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு சீசனா மச்சான்."

போன் கட்டானது.

இரண்டு நாள்

அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. மெசேஜ் போய்ச் சேர்ந்தது, பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே நான் சாப்பிட்டேன்னு சொன்னாக்கூட நம்ப மாட்டாரு. உனக்கென்ன, வாய்க்கு வந்தத சொல்லிட்டுப் போயிட்ட."

"பின்ன? சேக் தண்ணியில போயிருந்தா?"

"அதச் சொல்லல. இத ஆரம்பிச்சது யாரு? நீதான வாட்டி வாட்டின்னு கூப்பிட்ட?"

நான் கொண்டு போன மீன் குழம்பை அவள் வாங்கவில்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு நோயாளிக்கு இரண்டு தடவை குத்தினேன். என் வேலையில் அப்படி நடந்ததில்லை. அவர் திட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் சேக் லேபுக்கு வந்தான். "யக்கா, காக்கா வந்திருக்காரு. உங்களையும் கூப்பிடுதாரு."

"எந்தக் காக்கா?"

"எங்க காதர் காக்காதான். தம்மாம்ல இருந்து. திருவனந்தபுரத்துல எறங்கி, கார் புடிச்சு வந்திருக்காரு."

மூன்று வருஷம் வராத மனுசர் இரண்டே நாளில் வந்திருக்கிறார் என்றால் எதற்கு? எனக்குத் தோன்றியது ஒன்றுதான், அவளை விலக்கி வைக்க வந்திருக்கிறார் என்று. ரஹ்மத்துக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது. நான் போனபோது அவள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. ரத்தத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

காதர் அண்ணன் பெட்டியைக்கூடத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் மெலிந்திருந்தார்.

"அண்ணே, தப்பு என்னுது. அவளைத் திட்டாதிய" என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு தங்கச்சி. நான் சொல்லுததக் கேளு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த வீடியோவப் பார்த்ததும் எங்க மேனேஜர் முன்னால போய் உக்காந்து அழுதேன். என் பொஞ்சாதிய அருவி இழுத்துட்டுப் போயிட்டுன்னேன். அந்த அரபிக்காரன் எந்திரிச்சு வந்து என்னைக் கட்டிப்புடிச்சான். பத்து நாள் லீவு, கம்பெனியே டிக்கெட்டு, போன்னான். அதுக்கப்புறம்தான் நீ சொன்னது கேட்டுச்சு. சினிமாவுக்குப் போயிருக்கான்னு."

"அவன்கிட்ட என்ன சொன்னிய?" என்று கேட்டாள் ரஹ்மத். கதவுக்குப் பின்னாலிருந்துதான்.

"ஒண்ணும் சொல்லல."

"கிடைச்சிட்டான்னு சொல்லலியா?"

"சொன்னா லீவ கேன்சல் பண்ணிருவான்லா?" இப்போதுதான் நிமிர்ந்தார். "மூணு வருஷமா லீவு கேக்கேன், தரல. வாயத் திறக்காம ஏர்போர்ட்டுக்குப் போயிட்டேன். உங்கிட்ட பேசினா எனக்குச் சிரிப்பு வந்திரும், இல்ல அழுகை வந்திரும். பக்கத்துல எல்லாரும் துக்கம் விசாரிச்சிட்டு நிக்கானுவ. எப்பிடிப் போனை எடுப்பேன்?"

மாமி தலையில் அடித்துக்கொண்டார். "அவ ஒரு பொய், நீ ஒரு பொய். நல்லாருக்கு குடித்தனம்."

ரஹ்மத் கதவை விட்டு வெளியே வந்தாள். "ரெண்டு நாளா நான் செத்துட்டேன் தெரியுமா?" என்றாள்.

"நீ மத்தியானமே செத்துட்ட. எங்க கம்பெனியில நோட்டீஸ் போர்டுல போட்டிருக்காங்க" என்றார்.

அவள் கையில் கிடைத்த நைட்டியைச் சுருட்டி அவர்மேல் எறிந்தாள். அதற்குமேல் அங்கே எனக்கு வேலை இல்லை. கிளம்பினேன்.

வாசலில் அவர் குரல் கேட்டது. "தங்கச்சி, வியாழக்கிழமை எத்தன மணிக்கு? அப்பிடி என்னத்தப் பாக்கிய ரெண்டு பேரும்? நானும் பாக்கணும்."

மூன்று டிக்கெட்

அந்த வாரம் வந்தது வேறு படம். கசாப்புக் கடைக்காரன் பழிவாங்குகிற கதை. பெண்ணைச் சீரழிக்கிற காட்சி இல்லை என்று முன்னாலேயே தியேட்டர் ஆளிடம் விசாரித்துவிட்டுத்தான் கூட்டிப் போனேன். போனைக் கையோடு எடுத்துப் போனோம். மாமி துண்டு தரவில்லை. "இந்தா, இத அங்கன தின்னுங்க" என்று ஒரு டப்பாவில் இனிப்பான வட்டலப்பம் தந்தார்.

ரஹ்மத்துக்குப் பக்கத்தில் நான் உட்காரப் போனேன். காதர் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். சரி என்று ஒரு வரிசை பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் போய் உட்கார்ந்தேன்.

படம் ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் முதல் கை விழுந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. காதர் அண்ணனைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். பயந்து போயிருவ என்று பொண்டாட்டியிடம் சத்தியம் வாங்கிய மனுசர்.

"முடிஞ்சிட்டா?" என்றார்.

"இல்ல மச்சான். இன்னும் ரெண்டு பேரு வாரானுவ. கண்ணைத் திறக்காதிய."

"இப்ப?"

"ஒருத்தன் போயிட்டான். இன்னொருத்தன் ஓடுதான். தடியா மீசை வச்சிருக்கான். பின்னாலயே கத்தியோட இவரு போறாரு. குதிச்சிட்டாரு. ஆங், அவனும் போயிட்டான்."

"வலிச்சிருக்குமா?"

"சினிமாதான மச்சான். சிரப்புதான் அது."

அவர் தலையை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டார். கண்ணைத் திறக்கவே இல்லை. அவள் அவர் காதில் ஒவ்வொரு வெட்டாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தியேட்டரில் தொணதொணக்கிறவனை இரண்டு வார்த்தை கேட்காமல் நான் விட்டதில்லை. அன்றைக்குப் படத்தின் வசனத்தை விட்டுவிட்டு இவள் சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்களுக்கு முன் சீட்டில் இருந்த ஒருத்தன் எரிச்சலோடு திரும்பினான். "யம்மா, கொஞ்சம் பேசாம இருங்க. படம் பாக்கணும்லா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏலே, மூணு வருஷம் கழிச்சுப் பேசுதாங்க. நீ திரும்பி உன் படத்தப் பாரு."